18446744073709551615: இருபது இலக்க எண் ஒன்றை நோட்டுப் புத்தகத்திலேயே பிரித்துப் பார்ப்பது எப்படி

சதுரங்கப் பலகையில் அரிசி வைத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். முதல் கட்டத்தில் ஒரு அரிசி, அடுத்ததில் இரண்டு, அதற்கடுத்ததில் நான்கு என்று இரட்டித்துக்கொண்டே போக வேண்டும். கேரளத்தின் அம்பலப்புழைக் கிருஷ்ணன் கோயிலில் பால்பாயசம் வழங்கும் வழக்கத்துக்கே இந்தக் கதையைத்தான் காரணமாகச் சொல்வார்கள். முனிவராக வந்த கண்ணனிடம் ஆட்டத்தில் தோற்ற அரசனால் அந்த அரிசிக் கடனை அடைக்க முடியவில்லை, அதனால் வருகிறவர்களுக்கெல்லாம் பாயசமாகக் கொடுத்துக் கழிக்கிறான் என்பது கதை.

64 கட்டங்களுக்கும் சேர்த்து அரிசியின் எண்ணிக்கை 18446744073709551615. கதை சொல்பவர்கள் "எவ்வளவு பெரிய எண் பாருங்கள்" என்று இங்கே நிறுத்திவிடுவார்கள். எனக்கு இங்கேதான் ஆசை தொடங்கும். இந்த எண் எதனால் வகுபடும்? இதற்கு எத்தனை வகுத்திகள்? இது வர்க்க எண்ணா, முக்கோண எண்ணா? இருபது இலக்கம் என்றால் கணினி இல்லாமல் முடியாது என்றுதான் தோன்றும். ஆனால் முடியும். எண்ணின் பருமனைவிட அது கட்டப்பட்ட விதம்தான் முக்கியம். கண்ணை மூடிக்கொண்டு எழுதிய ஒரு இருபது இலக்க எண்ணைக் கையால் பிரிப்பது மிகக் கடினம். இந்த எண்ணை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் பிரித்துவிடலாம்.

ஒரு நோட்டு, ஒரு பேனா, பெருக்கலும் வகுத்தலும் போதும். ஒவ்வொரு படியையும் நீங்களே எழுதிப் பாருங்கள். படித்துவிட்டு மட்டும் போனால் பாதி சுவை போய்விடும்.

படி 1: எண்ணை நாமே வரவழைப்போம்

1 + 2 + 4 + 8 + … என்று 64 உறுப்புகளைக் கூட்ட உட்காராதீர்கள். மொத்தத்தை இரட்டித்தால் 2 + 4 + 8 + … என்று தொடங்கி 2⁶⁴ வரை போகும். அதிலிருந்து பழைய மொத்தத்தைக் கழித்தால் நடுவில் இருப்பவை எல்லாம் அடிபட்டு, 2⁶⁴ − 1 மட்டும் மிஞ்சும். அதாவது 65-ஆவது கட்டம் ஒன்று இருந்தால் அதில் வைக்க வேண்டிய அரிசியைவிட ஒன்று குறைவு.

இனி 2⁶⁴ வேண்டும். 64 தடவை இரட்டிக்கத் தேவையில்லை, ஆறு தடவை வர்க்கப்படுத்தினால் போதும்: 2, 4, 16, 256, 65536, 4294967296, அப்புறம் கடைசி வர்க்கம். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அறிஞர் அல்-பிரூனி இதே அரிசிக் கணக்கைப் போட்டபோதும் இப்படி வர்க்கப்படுத்தித்தான் விடைக்குப் போனார்.

கடைசி வர்க்கம் கொஞ்சம் மிரட்டும். 4294967296-ஐ 42949 | 67296 என்று இரண்டு ஐந்தைந்து இலக்கத் துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள்.

42949² = (43000 − 51)² = 1844616601
2 × 42949 × 67296 = 5780591808
67296² = (67300 − 4)² = 4528751616

முதல் விடைக்குப் பின்னால் பத்து சுழி, இரண்டாவதற்குப் பின்னால் ஐந்து சுழி, மூன்றாவது அப்படியே. மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கூட்டினால் 18446744073709551616. ஒன்றைக் கழித்தால் நம் எண்.

படி 2: சரிபார்ப்போம், வாய்விட்டுப் படிப்போம்

பெரிய பெருக்கல் செய்தவுடன் சோதித்துப் பார்க்கும் பழக்கம் வேண்டும். 2-இன் அடுக்குகளை 9-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 8, 7, 5, 1 என்று ஆறு ஆறாகச் சுழலும். 64-ஐ 6-ஆல் வகுத்தால் மீதி 4. ஆகவே 2⁶⁴ தரும் மீதி நான்காவது இடத்தில் உள்ள 7, நம் எண் தரும் மீதி 6. இப்போது நம் எண்ணின் இலக்கங்களைக் கூட்டுங்கள்: 87 வரும். 8 + 7 = 15, 1 + 5 = 6. பொருந்துகிறது. இது பிழையே இல்லை என்பதற்கு நிரூபணம் ஆகாது, ஆனால் கைத்தவறுகளில் பெரும்பாலானவை இந்த வலையில் மாட்டிவிடும்.

நம் முறைப்படி காற்புள்ளி வைத்தால் 1,84,46,74,40,73,70,95,51,615. படிக்கும்போது ஒரு லட்சத்து 84 ஆயிரத்து 467 கோடி கோடி, அதன்மேல் 44 லட்சத்து 7 ஆயிரத்து 370 கோடி, அதன்மேல் 95 லட்சத்து 51 ஆயிரத்து 615. ஒரு கிராமுக்கு 40 அரிசி என்று வைத்தால் எடை சுமார் 46,000 கோடி டன். உலகம் முழுவதும் ஓர் ஆண்டில் விளையும் அரிசி 50 கோடி டன்னுக்குச் சற்று மேல். அப்படியென்றால் ஏறக்குறைய 900 ஆண்டு விளைச்சல்!

இங்கே ஓர் எச்சரிக்கை. இந்த எண்ணைக் கணினியின் விரிதாளில் தட்டச்சு செய்து கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலான விரிதாள்கள் 15 இலக்கங்களை மட்டுமே வைத்துக்கொண்டு, மீதியைச் சுழியாக்கிவிடும். நான் முதன்முதலில் இதைச் செய்தபோது, 17-ஆல் வகுபட வேண்டிய எண் வகுபடவில்லை என்று விடை வந்து வெகுநேரம் குழம்பினேன். கடைசி ஐந்து இலக்கங்கள் காணாமல் போயிருந்ததைப் பிறகுதான் கவனித்தேன். செல்பேசியில் உள்ள சாதாரணக் கால்குலேட்டரிலும் இந்த ஆபத்து உண்டு.

படி 3: சிறிய பகா எண்களைச் சோதிப்போம்

கடைசி இலக்கம் 5, ஆகவே 5-ஆல் வகுபடும். இலக்கக் கூட்டல் 87, ஆகவே 3-ஆல் வகுபடும், 9-ஆல் வகுபடாது. 7, 11, 13 என்று தொடர்ந்து நீள்வகுத்தல் போடலாம். அதைவிட நல்ல வழி, மேலே 9-க்குப் பார்த்த அந்தச் சுழற்சி.

2-இன் அடுக்குகளை 7-ஆல் வகுத்தால் மீதிகள் 2, 4, 1, மறுபடி 2, 4, 1. சுழற்சியின் நீளம் 3. ஒவ்வொரு சுழற்சியும் 1-இல் முடிகிறது. 2⁶⁴ − 1 என்பது 7-ஆல் வகுபட வேண்டுமென்றால் 2⁶⁴ தரும் மீதி 1 ஆக இருக்க வேண்டும், அதாவது 64-ஆவது இடம் ஒரு சுழற்சியின் கடைசியில் வந்து விழ வேண்டும். 64, 3-ஆல் வகுபடாது. ஆகவே 7 இல்லை.

11-க்குச் சுழற்சி நீளம் 10, 13-க்கு 12, 19-க்கு 18. எதுவும் 64-ஐ வகுக்காது, எல்லாவற்றையும் ஒதுக்கிவிடலாம். 17-க்கு 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என்று நீளம் 8. 64 = 8 × 8. ஆகவே 17 நம் எண்ணை வகுக்கும். இருபது இலக்க எண்ணைத் தொடாமலேயே இதைச் சொல்லிவிட்டோம்!

இதிலிருந்து ஒரு பொது விதி கிடைக்கிறது. நம் எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணுக்கும் சுழற்சி நீளம் 64-இன் வகுத்தியாக இருக்க வேண்டும்: 2, 4, 8, 16, 32, 64 தவிர வேறு வழியில்லை. இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒற்றைப் பகா எண் எதுவானாலும், அதற்குரிய சுழற்சி நீளம் அந்த எண்ணில் ஒன்று குறைந்ததை மீதியில்லாமல் வகுக்கும். இது 17-ஆம் நூற்றாண்டுக் கணிதர் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்திலிருந்து வருகிறது. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டால் ஐந்தாவது படி எளிதாகிவிடும்.

படி 4: வெட்டுவோம்

பள்ளியில் படித்த அ² − ஆ² = (அ − ஆ)(அ + ஆ) நினைவிருக்கிறதா? 2⁶⁴ என்பது 2³²-இன் வர்க்கம். ஆகவே

2⁶⁴ − 1 = (2³² − 1)(2³² + 1)

இடதுபக்கத் துண்டு மறுபடி அதே வடிவத்தில் இருக்கிறது. அதையும் வெட்டுங்கள், மறுபடி வெட்டுங்கள். ஆறு வெட்டு முடிந்தபின் கையில் இருப்பது:

2⁶⁴ − 1 = 3 × 5 × 17 × 257 × 65537 × 4294967297

இதை முதன்முதலில் எழுதிப் பார்த்த அன்று நான் திரும்பத் திரும்பப் பெருக்கிப் பார்த்தேன். 3 × 5 = 15. 15 × 17 = 255. 255 × 257 = 65535. 65535 × 65537 = 4294967295. ஒவ்வொரு படியிலும் 2-இன் ஓர் அடுக்குக்கு ஒன்று குறைவாக வந்து நிற்கிறது, அடுத்த துண்டு அதே அடுக்குக்கு ஒன்று கூடுதலாக வந்து சேர்கிறது.

இந்த ஆறு எண்களுக்கும் ஃபெர்மா எண்கள் என்று பெயர். 3, 5, 17 பகா எண்கள் என்பது தெரியும். 257-இன் வர்க்கமூலம் 16-க்குச் சற்று மேல், ஆகவே 13 வரையிலான பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். எதுவும் வகுக்காது. 65537-க்கு இன்னும் எளிது. அதை வகுக்கும் பகா எண்ணுக்குச் சுழற்சி நீளம் 32 ஆக இருக்க வேண்டும், ஆகவே அது 32-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 256 வரை அப்படி இருக்கும் பகா எண்கள் 97, 193 இரண்டே இரண்டு. 97-ஆல் வகுத்தால் மீதி 62, 193-ஆல் வகுத்தால் மீதி 110. ஆகவே 65537 பகா எண். இரண்டு வகுத்தலில் முடிந்தது.

மிஞ்சியிருப்பது 4294967297.

படி 5: ஃபெர்மா சறுக்கிய இடம்

1640-களில் பியர் டி ஃபெர்மா இந்த வரிசை எண்கள் எல்லாமே பகா எண்கள் என்று நம்பி நண்பர்களுக்குக் கடிதம் எழுதினார். 3, 5, 17, 257, 65537 என்று ஐந்தும் பகாவாக இருந்தால் யாருக்கும் அந்த நம்பிக்கை வரும். ஆறாவது எண் 4294967297 அதைக் கவிழ்த்தது. 1732-இல் லெயோனார்டு ஆய்லர் இது 641-ஆல் வகுபடும் என்று காட்டினார்.

641 எங்கிருந்து வந்தது? 4294967297-இன் வர்க்கமூலம் 65536-ஐ ஒட்டி வரும். அதற்குக் கீழ் 6542 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாக வகுத்துக்கொண்டு போனாலும் 116-ஆவது பகா எண்ணான 641-இல் மாட்டியிருக்கும். ஆனால் அத்தனை பாடு வேண்டாம். ஒரு பகா எண் 2³² + 1-ஐ வகுத்தால், 2³² தரும் மீதி "−1", அதாவது சரியாக வகுபட ஒன்று குறைகிறது. அதை வர்க்கப்படுத்தினால், அதாவது 2⁶⁴-க்கு, மீதி 1. 32-ஆவது இடத்தில் 1 வரவில்லை, 64-ஆவது இடத்தில் வருகிறது, ஆகவே சுழற்சி நீளம் சரியாக 64. அந்தப் பகா எண் 64-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல்: 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641. பகா அல்லாதவற்றை அடித்துவிட்டால் 193, 257, 449, 577, 641. ஐந்தாவது முயற்சியில் அகப்பட்டுவிடுகிறது. வியப்பு என்னவென்றால், இதற்கு வேண்டிய தேற்றம் ஃபெர்மாவுடையதேதான்.

பின்னாளில் பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூக்கா இதை இன்னும் கூர்மையாக்கினார். 64-இன் மடங்கு மட்டும் அல்ல, 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாகவே இருக்க வேண்டும் என்று நிறுவினார். அப்படிப் பார்த்தால் 129, 257, 385, 513, 641. இதில் பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டுமே. இரண்டாவது முயற்சி!

வகுத்துப் பார்க்காமலேயே 641 வகுக்கும் என்று காட்டவும் ஒரு வழி உண்டு. கணிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த நான்கு வரிகள் இவை:

641 = 5 × 128 + 1. ஆகவே 5 × 2⁷ தரும் மீதி −1.
நான்காம் அடுக்கு எடுத்தால் 5⁴ × 2²⁸ தரும் மீதி 1.
641 = 625 + 16 = 5⁴ + 2⁴. ஆகவே 5⁴-க்குப் பதில் −2⁴ என்று வைக்கலாம்.
அப்படியானால் −2³² தரும் மீதி 1, அதாவது 2³² + 1 மீதியில்லாமல் வகுபடும்.

நிதானமாக இரண்டு முறை படியுங்கள். 641 ஒரே நேரத்தில் இரண்டு வேடம் போடுகிறது, அந்த இரண்டையும் மோதவிட்டதில் விடை விழுந்துவிட்டது.

4294967297 ÷ 641 = 6700417. இது பகா எண்ணா? வர்க்கமூலம் 2588-க்குச் சற்று மேல். லூக்காவின் விதிப்படி, 2588 வரை 128-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலான பகா எண்களை மட்டும் பார்த்தால் போதும். அவை ஐந்தே ஐந்து: 257, 641, 769, 1153, 1409. மீதிகள் முறையே 170, 44, 120, 334, 622. எதுவும் சுழி இல்லை. ஆகவே 6700417 பகா எண். ஏழு இலக்க எண் ஒன்றை ஐந்து வகுத்தலில் பகா என்று நிரூபித்துவிட்டோம்.

முழு விடை:

18446744073709551615 = 3 × 5 × 17 × 257 × 641 × 65537 × 6700417

படி 6: ஏழு பகா எண்கள் சொல்லும் செய்திகள்

பகாக் காரணிகள் கிடைத்துவிட்டால் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாக வரும்.

வகுத்திகளின் எண்ணிக்கை: ஏழு பகா எண்களும் ஒவ்வொரு தடவைதான் வருகின்றன. ஒரு வகுத்தியை உருவாக்க ஒவ்வொன்றையும் எடுக்கலாம் அல்லது விடலாம். ஆகவே 2 × 2 × 2 × 2 × 2 × 2 × 2 = 128.

வகுத்திகளின் கூட்டுத்தொகை: ஒவ்வொரு பகா எண்ணுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்க வேண்டும், 4 × 6 × 18 × 258 × 642 × 65538 × 6700418. இது நம் எண்ணைப்போல் ஏறக்குறைய 1.7 மடங்கு. எண்ணையே அதிலிருந்து கழித்துவிட்டால் மிஞ்சுவது எண்ணின் 0.7 பங்குதான். 6-க்கு 1 + 2 + 3 = 6 என்று சரியாக நிறைவதுபோல் இதற்கு நிறையவில்லை.

பொதுக் காரணி இல்லாதவை: நம் எண்ணைவிடச் சிறிய எண்களில் எத்தனைக்கு இதனுடன் 1-ஐத் தவிர வேறு பொது வகுத்தி இல்லை? இதற்கு ஒவ்வொரு பகா எண்ணிலும் ஒன்றைக் கழித்துப் பெருக்க வேண்டும். மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 49.92 விழுக்காடு வருகிறது. இங்கே ஒரு நிமிடம் நின்று, 641, 6700417 இரண்டையும் விட்டுவிட்டு முதல் ஐந்து ஃபெர்மா எண்களை மட்டும் பாருங்கள். 2 × 4 × 16 × 256 × 65536 = 2³¹ = 2147483648. இது 4294967295-இன் பாதியைவிடச் சரியாக அரை கூடுதல். ஒன்றைக் கழித்த ஒவ்வொன்றும் 2-இன் தூய அடுக்காக இருப்பதால் வந்த அழகு இது. 641-இல் ஒன்றைக் கழித்தால் 640, அதில் ஒரு 5 புகுந்துவிடுகிறது. அழகு அங்கே உடைகிறது.

படி 7: மேரு பிரஸ்தாரத்தில் தேடுவோம்

பாஸ்கல் முக்கோணத்தைத் தெரியுமல்லவா? பத்தாம் நூற்றாண்டில் ஹலாயுதர் பிங்கலரின் யாப்பு நூலுக்கு எழுதிய உரையில் இதை மேரு பிரஸ்தாரம் என்று விளக்கியிருக்கிறார். 1, 1 1, 1 2 1, 1 3 3 1 என்று, இரு முனையிலும் 1 வைத்து, நடுவில் மேல்வரியின் அடுத்தடுத்த இரண்டு எண்களைக் கூட்டி எழுதிக்கொண்டு போங்கள். இப்போது ஒற்றை எண் இருக்கும் இடத்தில் 1, இரட்டை எண் இருக்கும் இடத்தில் 0 என்று மாற்றுங்கள்:

1
1 1
1 0 1
1 1 1 1
1 0 0 0 1
1 1 0 0 1 1
1 0 1 0 1 0 1
1 1 1 1 1 1 1 1

ஒவ்வொரு வரியையும் இரும எண்ணாக, அதாவது வலமிருந்து 1, 2, 4, 8 என்று இட மதிப்பு வைத்துப் படியுங்கள்: 1, 3, 5, 15, 17, 51, 85, 255. எல்லாமே நம் எண்ணின் வகுத்திகள்! முதல் 32 வரிகள் 4294967295-இன் 32 வகுத்திகளையும் வரிசை தவறாமல் தருகின்றன. 33-ஆவது வரியில் இரண்டு முனையில் மட்டும் 1, நடுவெல்லாம் 0. அது 4294967297. 64-ஆவது வரி முழுக்க 1, அதுதான் 18446744073709551615. நம் எண்ணுக்கு 128 வகுத்திகள், அதில் 64 இங்கே வந்துவிட்டன. 641-ஐயும் 6700417-ஐயும் தனித்தனியாக எடுத்தால் வரும் மற்ற 64 மட்டும் இந்த முக்கோணத்தில் தென்படாது.

இந்த முதல் 32 வரிகளுக்கு இன்னொரு பெருமையும் உண்டு. 1796-இல், 19 வயதுகூட நிரம்பாத காவுஸ், அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு ஒழுங்கான 17 பக்கப் பலகோணத்தை வரைய முடியும் என்று கண்டுபிடித்தார். ஒற்றைப்படைப் பக்க எண்ணிக்கையில் அப்படி வரையக்கூடியவை எவை என்றால், வெவ்வேறு ஃபெர்மா பகா எண்களைப் பெருக்கி வருபவை மட்டுமே. இன்றுவரை தெரிந்த ஃபெர்மா பகா எண்கள் நாம் பார்த்த அந்த ஐந்துதான். ஆகவே 32 வகுத்திகளில் 1-ஐ விட்டால் 31 பலகோணங்கள், அவற்றில் மிகப் பெரியது 4294967295 பக்கம் கொண்டது. 65537 பக்கப் பலகோணத்தின் வரைமுறையை யோஹான் குஸ்தாவ் ஹெர்ம்ஸ் பத்தாண்டுகள் உழைத்து 1894-இல் முடித்தார். அந்தக் கையெழுத்துப் பிரதி கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்கு மரியாதைதான் வருகிறது.

படி 8: வர்க்கமா, முக்கோணமா?

வர்க்க எண் இல்லை. 4294967296-இன் வர்க்கத்துக்கு ஒன்று குறைவு என்பதால், இரண்டு அடுத்தடுத்த வர்க்கங்களுக்கு இடையில் மாட்டியிருக்கிறது.

வர்க்கங்களின் கூட்டுத்தொகையாக எழுதலாமா? எந்த வர்க்க எண்ணை 8-ஆல் வகுத்தாலும் மீதி 0, 1, 4 மூன்றில் ஒன்றுதான். இவற்றில் மூன்றை எப்படிச் சேர்த்தாலும் மீதி 7 வராது. நம் எண்ணோ 8-இன் மடங்குக்கு ஒன்று குறைவு, மீதி 7. ஆகவே மூன்று வர்க்கங்கள் போதாது. எந்த இயல் எண்ணுக்கும் நான்கு வர்க்கங்கள் போதும் என்று லக்ராஞ்சு 1770-இல் நிரூபித்தார். அப்படியானால் நம் எண்ணுக்கும் நான்கு கிடைக்க வேண்டுமே, தேடிப் பார்க்கலாம்.

4294967295-இன் வர்க்கத்தை நம் எண்ணிலிருந்து கழித்தால் மிஞ்சுவது 8589934590. அதற்குள் அடங்கும் மிகப் பெரிய வர்க்கம் 92681². அதையும் கழித்தால் 166829. இது இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக அமையுமா? 166829 = 13 × 41 × 313. மூன்றுமே 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண்கள், ஆகவே நிச்சயம் அமையும். 323² + 250² = 104329 + 62500 = 166829. இதோ:

18446744073709551615 = 4294967295² + 92681² + 323² + 250²

முதல் முயற்சியிலேயே இப்படி அமைந்தது அதிர்ஷ்டம். சில எண்களுக்கு இரண்டாவது வர்க்கத்தை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டு போய்த் தேட வேண்டிவரும்.

அடுத்தது முக்கோண எண்: 1, 3, 6, 10, 15 என்று வருபவை. ஓர் எண் முக்கோண எண்ணா என்று அறிய அதை 8-ஆல் பெருக்கி 1 கூட்டுங்கள், வர்க்க எண் வந்தால் ஆம். நம் எண்ணுக்கு அது 2⁶⁷ − 7 ஆகிறது. இந்த வடிவத்தைப் பார்த்ததும் கும்பகோணத்தில் வளர்ந்த ஒருவர் நினைவுக்கு வர வேண்டும். 1913-இல் இந்தியக் கணிதக் கழகத்தின் இதழில் இராமானுஜன் ஒரு கேள்வி போட்டார்: 2-இன் அடுக்கிலிருந்து 7-ஐக் கழித்தால் வர்க்க எண் வருவது அடுக்கு 3, 4, 5, 7, 15 ஆக இருக்கும்போது. வேறு உண்டா? நார்வே நாட்டின் நாகெல் 1948-இல் வேறு கிடையாது என்று நிரூபித்தார். 67 அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே நம் எண் முக்கோண எண் அல்ல.

நாகெலின் நிரூபணம் கடினமானது. நம் ஒரு எண்ணுக்கு மட்டும் என்றால் கையாலேயே காட்டலாம். 2⁶⁷ − 7 = 147573952589676412921. வலமிருந்து இலக்கங்களை மாற்றி மாற்றிக் கூட்டிக் கழித்தால் 11 வரும், ஆகவே 11-ஆல் வகுபடும். 121-ஆல் வகுபடுமா? 2¹⁰-ஐ 121-ஆல் வகுத்தால் மீதி 56. அதை வர்க்கப்படுத்தினால் 2²⁰-க்கு −10. மறுபடி வர்க்கப்படுத்தினால் 2⁴⁰-க்கு 100. இரண்டையும் பெருக்கினால் 2⁶⁰-க்கு −1000, அதாவது 89. 2⁷-க்கு 7. ஆகவே 2⁶⁷-க்கு 89 × 7 = 623, அதாவது 18. அதில் 7 போக 11. சுழி இல்லை. 11-ஆல் வகுபட்டு 121-ஆல் வகுபடாத எண் வர்க்கமாக இருக்கவே முடியாது.

படி 9: பக்கத்து வீட்டையும் எட்டிப் பார்ப்போம்

உங்கள் கணினியும் செல்பேசியும் இந்த எண்ணை நன்றாக அறியும். 64 பிட்டிலும் (0 அல்லது 1 வைக்கும் இடங்கள்) 1 நிரம்பியிருந்தால் இந்த எண். குறியில்லா முழு எண்ணுக்கு 64 பிட் இடத்தில் இதுதான் உச்சம். இன்னும் ஒன்று கூட்டினால் மீட்டர் சுற்றி வந்ததுபோல் எல்லாம் 0 ஆகிவிடும். 1883-இல் ஹனாய் கோபுரம் என்ற புதிரை வெளியிட்டவர் நாம் மேலே சந்தித்த அதே லூக்காதான். 64 வட்டுகளை விதிப்படி ஒரு கம்பத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றக் குறைந்தது இதே 18446744073709551615 நகர்த்தல்கள் வேண்டும். நொடிக்கு ஒன்று என்றாலும் சுமார் 58,450 கோடி ஆண்டுகள் ஆகும். பிரபஞ்சத்தின் வயதே சுமார் 1,380 கோடி ஆண்டுகள்தான்.

இரண்டு தள்ளி இருக்கும் 18446744073709551617, அதாவது 2⁶⁴ + 1, அடுத்த ஃபெர்மா எண். இதை வகுக்கும் பகா எண்கள் 256-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 1880-இல் ஃபோர்த்யூனே லாண்ட்ரி இதை 274177 × 67280421310721 என்று பிரித்தார். 274177 = 256 × 1071 + 1. அதாவது 257-இல் தொடங்கி 256 256-ஆகக் கூட்டிக்கொண்டே போனால் 1071-ஆவது எண்ணில் விடை காத்திருக்கிறது. இடையில் பகா அல்லாதவற்றைக் கழித்துவிட்டாலும் சுமார் இருநூறு வகுத்தல்கள் மிஞ்சும். அத்தனையையும் போட வேண்டாம், அந்த இரண்டு எண்களையும் பெருக்கி மட்டும் பாருங்கள். 67280421310721-ஐ முதலில் 274000-ஆல், பிறகு 177-ஆல் பெருக்கினால் 18434835439137554000, 11908634571997617 என்று வரும். கூட்டினால் கடைசி இரண்டு இலக்கங்கள் 17 ஆக இருக்க வேண்டும்.